தீர்மானத்துக்குக் கட்டுப்பட்ட கடல்

நெடுமணல் ஊரில் கடல், ஊர்க் கமிட்டியின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கறிக்கடைக்கும் வீட்டுக்குமாகக் கலைந்துபோயிருந்தார்கள். அன்று மதியம் ஒரு வேனிலிருந்து குதித்த வெளியூர்ப் பையன்கள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கூச்சலோடு அலையை நோக்கி ஓட, அவர்கள் ஓட ஓட அலை பின்வாங்கியது. நின்றால் நின்றது, ஒருவன் பக்கவாட்டில் பாய்ந்து ஏமாற்றப் பார்த்தபோது அதுவும் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டது. அவர்கள் காலைச் சுற்றி ஒரு வீட்டு முற்றத்தின் அளவுக்கு மணல் வெறுமனே கிடக்க, பக்கத்திலேயே வலை அலசிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களின் முழங்காலில் தண்ணீர் வழக்கம்போல மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

"காலையிலதான தீர்மானம் போட்டாவ, அதுக்குள்ள அதுக்குத் தெரிஞ்சிட்டு பாரு" என்றார் டீக்கடைக்காரர். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வலை அலசி முடிக்கவேண்டியிருந்தது.

அந்தத் தீர்மானத்தைக் கேட்டு வாங்கியவள் தவமணி. அவள் தேரிக்காட்டுப் பக்கத்துப் பெண், செம்மண்ணும் பனையும் தவிர வேறெதுவும் பார்த்து வளராதவள். கருவாடு வாங்கப்போன இடத்தில் ராயப்பனைப் பார்த்து, வீட்டாரை எதிர்த்து, ஞானஸ்நானம் வாங்கி, நெடுமணல் கோவிலிலேயே தாலி கட்டிக்கொண்டு வந்தவள். வந்த புதிதில் மீன் அரியும்போது விரலை அரிந்துகொள்வாள். பிறகு அவள் கூடை இறங்கினால்தான் சந்தையில் விலை நிலைக்கும் என்று சொல்லுமளவுக்கு ஆனாள். அவளுக்கும் ராயப்பனுக்கும் ஒரே மகன், டெல்வின். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கப்பல் வேலைக்குத் தாள் எப்போது வரும் என்று காத்திருந்தான்.

அப்போதெல்லாம் லீவு நாளென்றால் நெடுமணல் கடற்கரை வெளியூர் வண்டிகளால் நிறைந்துவிடும். வந்தவர்கள் குடிப்பார்கள், பாட்டிலைப் பாறையில் உடைப்பார்கள், காயப்போட்ட வலையின்மேல் காரை ஏற்றுவார்கள், ஆழம் தெரியாமல் இறங்கிக் கையைத் தூக்கிக் கத்துவார்கள். கத்தினால் ஊரில் யாராவது ஓடித்தான் ஆகவேண்டும். ஒரு பொங்கல் மறுநாள் டெல்வின் ஓடினான். இரண்டு பேரை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு மூன்றாமவனுக்காகத் திரும்பவும் போனான். மூன்றாமவனை அலையே கொஞ்சம் தள்ளிக் கொண்டுவந்து ஒதுக்கியது. இரண்டு பக்கமும் பாறை நிற்க நடுவே படகு போகும் வழி இருக்கிறதே, அங்கேதான் டெல்வினின் தலை கடைசியாகத் தெரிந்தது. வலைபோட்டுத் தேடினார்கள், முங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்த மூன்று பையன்களின் வீட்டார் ஒருமுறை வந்தார்கள், கடற்கரையில் விட்டுப்போன காரை எடுத்துக்கொண்டு போவதற்காக.

கல்லறைத் தோட்டத்தில் மகனுக்கு ஒரு குழிகூட இல்லாமல்போன தவமணி, கோவில் முன்னால் கூடிய ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்: "இனி வெளியூர்க்காரன் ஒருத்தன் நம்ம கடல்ல காலை நனைக்கக் கூடாது. வேற எந்தப் பிள்ளையும் எவனுக்கோ போய்ச் சாகக் கூடாது." கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் அவள் சொன்னதை அப்படியே வாசகமாக்கிப் படித்தார். ஊரே கைதூக்கியது. ராயப்பனின் தங்கை எமல்டா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள். அந்தக் கைகளைப் பார்த்தபோது தவமணிக்கு, மகன் போனபிறகு முதல்முறையாக, தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

கடல் விலக ஆரம்பித்தபிறகு ஊர் அதைத் தன் வசதிக்குத் தகுந்தபடி பழக்கிக்கொண்டது. வியாபாரிகள் கரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள், வேட்டி நனையாது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் பூட்ஸோடு கடலுக்குள் கொஞ்சதூரம் நடந்துபார்த்துவிட்டு, எதிரில் இடுப்புயரத்துக்குச் சுவராக நின்ற தண்ணீரைத் தொடவும் முடியாமல் திரும்பிப்போனார்கள். சங்கடமெல்லாம் பங்குச் சாமியாருக்குத்தான். அவர் வேறு மாவட்டத்துக்காரர். படகு மந்திரிக்க இறங்கியபோது கடல் அவரைவிட்டும் விலகிவிட, தீர்த்தச் செம்பைக் கையில் பிடித்தபடி சிறிது நேரம் நின்று, பிறகு கரையிலிருந்தே தெளித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கமிட்டி கூடி, "சாமியார் நம்மாளு" என்று கைதூக்கியது. சாயங்காலமே அலை வந்து அவர் அங்கியைத் தொடைவரைக்கும் நனைத்தது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். ஊரும் சிரித்தது. பெர்க்மான்ஸ் மட்டும் சிரிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஓடுகிற கடலைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரத் தொடங்கியது. முன்னைவிட அதிகம், பஸ் பஸ்ஸாக. ஒருநாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்ட ஒரு சின்னப்பிள்ளை அலையைத் துரத்தித் துரத்திக் களைத்து, மீன் காயவைத்துக்கொண்டிருந்த தவமணியிடம் வந்து மூச்சுவாங்க நின்றது.

"ஆன்ட்டி, கடலுக்கு ஏன் என்னைப் பிடிக்கல?"

"இது எங்க கடல் பாப்பா. நீ ஒங்க ஊர்ல போயி வெளையாடு."

"எங்க ஊர்ல கடல் இல்லையே."

தவமணி மீனைத் திருப்பிப் போட்டாள். பிள்ளை அழுதுகொண்டே போயிற்று. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை என்றாலும், அந்தப் பிள்ளை கடலில் போகவில்லை, அதைக் காப்பாற்ற எந்தத் தாய் பெற்ற மகனும் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஊருக்குத் தெற்கே தோப்பை வாங்கி விடுதி கட்டிய ஒருவர் அந்த நாட்களில்தான் பெர்க்மான்ஸ் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார். அலை ஊரை அரிக்காமலிருக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தருகிறேன் என்றார். ஊர் வருடக்கணக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறிக் கேட்டுக் கிடைக்காத ஒன்று அது. பதிலுக்கு அவருடைய விருந்தாளிகளைக் கமிட்டி நம்மாளாக ஏற்றுக்கொள்ளவேண்டும். வேறு யாருக்கும் இந்தக் கடல் கிடைக்கக் கூடாது.

தவமணி நேரே பெர்க்மான்ஸிடம் போனாள்.

"அண்ணே, எம்மவன் உசிரக் குடுத்து வாங்குன தீர்மானம் அது."

"ஆரு இல்லங்கா மதினி? அது அப்படியேதான் இருக்கும். விடுதிக்காரரு ஆள் போட்டுக் காவல் காப்பாரு, ஒருத்தனும் முங்க மாட்டான். வளைவு வந்தா நம்ம வீடு வாசல் நிக்கும். டெல்வின் பேரையே அதுக்கு வச்சிருவோம்."

டெல்வின் பேரை வளைவோடு சேர்த்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அந்தப் பேர் எங்கேயும் வைக்கப்படவில்லை.

கமிட்டி கைதூக்கி, விருந்தாளிகள் குளிக்கத் தொடங்கியபிறகும் விடுதிக்காரருக்கு ஒரு குறை மிஞ்சியது. நெடுமணலுக்கு வாழவந்த பெண்களின் அண்ணன் தம்பிகளும் அவர்கள் கூட்டாளிகளும், "எங்க அக்கா ஊரு" என்று சொல்லிக்கொண்டு இலவசமாக வந்து குளித்துவிட்டுப் போனார்கள். கடலும் யாரை விடுவது, யாரைத் தள்ளுவது என்று தெரியாமல் சில நாள் பாதிப் பாதியாக நனைத்தது. வாசகத்தை இறுக்கிக் கட்டுங்கள் என்று அவர் கேட்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாழவந்த பெண்களெல்லாம் கூடையோடு சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், கமிட்டி ஊர்க்கூட்டத்தைக் கூட்டியது. நெடுமணலில் பிறந்தவர்களே ஊரார், மற்றவர்கள் யாராயிருந்தாலும் கமிட்டி அனுமதி பெறவேண்டும் என்று பெர்க்மான்ஸ் படித்தார். கைகள் உயர்ந்தன. கூட்டம் கலைந்து ஆண்கள் வீட்டுக்குப் போனார்கள், சந்தையிலிருந்து திரும்பிய பெண்டாட்டிமார் வைத்த மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள்.

தவமணியிடம் யாரும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னது கடல்தான்.

மறுநாளே வந்த டெல்வினின் நினைவுநாள் காலையில், பூசை முடிந்ததும், வாழை இலையில் சம்பங்கியும் ரோஜாவும் வைத்து எடுத்துக்கொண்டு அவள் கரைக்கு வந்தாள். குழியில்லாத மகனுக்குக் கடல்தான் குழி. முந்தைய வருடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்வரை போய்ப் பூவை விட்டு, குனிந்து தண்ணீரை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வருவாள். அன்று அவள் காலை வைக்க, அலை பின்னால் போனது. வற்று நேரமாக இருக்கும் என்று இன்னும் இரண்டடி வைத்தாள். அலை இன்னும் பின்னால் போனது. அவள் ஓடவில்லை. ஆனால் அவள் உடம்பு புரிந்துகொண்டுவிட்டது. கொஞ்சம் தள்ளி விடுதியின் விருந்தாளிகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வலைக்காரர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவன் கட்டாத முடிச்சைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான். அவள் எறிந்த பூ ஈரமணலில் விழுந்து கிடந்தது.

எமல்டா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"வாங்க மதினி, வீட்டுக்குப் போவோம்."

"என்னட்டி இது?"

எமல்டா சொன்னாள். அழுதுகொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே, செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னாள்.

"நீ கைதூக்குனியா?"

"எல்லாரும் தூக்கும்போது நா மட்டும் எப்படி மதினி..."

"ஒங்க அண்ணன்?"

எமல்டா மணலைப் பார்த்தாள். அது போதுமாயிருந்தது.

ராயப்பன் அன்று வீட்டில் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடல் தண்ணீரை வழிய வழிய மொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "இதுல போடு பூவ. நா கொண்டுபோயி அங்க ஊத்திட்டு வாறேன்." அவள் குனிந்தாள். குடத்துக்குள் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி அடியில் ஒரு கைப்பிடி உப்பாக நின்றது. அவன் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தான். அவள் எழுந்து போய்ப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வாழவந்த மற்றப் பெண்களுக்கும் இதே கதிதான். முதலில் கொதித்தார்கள். கூடை தூக்க மாட்டோம், அடுப்பு மூட்ட மாட்டோம் என்று தவமணி வீட்டில் கூடிப் பேசினார்கள். பெர்க்மான்ஸ் பதறவில்லை. "கேட்டாக் குடுக்கத்தான போறோம், இது வெளியாளுக்காகப் போட்டது, நம்ம வீட்டுப் பொம்பளையளுக்காகவா போட்டது?" என்று ஆளனுப்பினார். ஒவ்வொருத்தியாகப் போய்க் கேட்டு, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும்படி அனுமதி வாங்கிக்கொண்டார்கள். தவமணி வீட்டில் முதலில் குரல் உயர்த்தியவளே முதலில் போய் வாங்கினாள். மீன் கழுவத் தண்ணீர் வேண்டுமே, என்ன செய்ய என்றாள்.

பெர்க்மான்ஸ் தவமணி வீட்டுக்குத் தானே வந்தார்.

"ஒரு வார்த்த கேளுங்க மதினி. இப்பவே கைதூக்கிருவோம்."

"எம்மவன் கெடக்க எடத்துக்குப் போவ ஒங்ககிட்ட நா கேக்கணுமா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான. நீங்க போடச் சொன்னதுதான இது."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். ராயப்பன் அங்கே நின்று கதவின் கொண்டியைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்த நேரம்தான் அந்த நாட்களிலேயே நீளமானது. அவன் சொல்லவில்லை.

மறுநாள் நன்றாக விடிந்து, படகுகள் இன்னும் கடலில் இருக்கிற நேரத்தில், தவமணி புதிதாகப் பூ வாங்கி இலையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்து, நிற்காமல், நடந்தாள். அலை விலகியது. அவள் நடக்க நடக்க, அவளைச் சுற்றி முற்றமளவு மணலைத் திறந்துவிட்டுத் தண்ணீர் முழங்காலுயரம், இடுப்புயரம், ஆளுயரம் என்று சுவராக எழுந்து நின்றது. அவள் கடந்தபிறகு பின்னால் மூடிக்கொண்டது. வழியில் நங்கூரமிட்டிருந்த படகுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து படுத்து, அவள் தாண்டியதும் தலையாட்டி எழுந்தன. நண்டுகள் வழிவிட்டன. மண்ணில் புதைந்த பாட்டில்கள் கிடந்தன, ஒற்றைச் செருப்பு, பாசி ஏறிய கறுப்புக் கண்ணாடி, யாரோ தொலைத்த கார்ச்சாவி. மகனுடையது என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை. பாறைகளுக்கு நடுவில் அந்த வழிக்கு வந்து, பூவை மணலில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் அங்கே உட்கார்ந்ததும் வழி அடைபட்டது. கரைக்குத் திரும்பவேண்டிய படகுகள் மீனோடு வெளியே நின்றன, கரையிலிருந்து எதுவும் போக முடியவில்லை. வெயில் ஏற ஏற ஐஸ் உருகியது. ஊரே கரையில் கூடியது. கத்திப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், அவ்வளவு தூரத்துக்கு எந்தக் குரலும் போய்ச் சேரவில்லை.

மதியத்துக்குச் சற்று முன்னால், வெளியே நின்ற படகுகளுக்கு நடுவிலிருந்து ராயப்பன் தன் படகில் வந்தான். தண்ணீர்ச் சுவரின் விளிம்பில் படகு சரிந்து இறங்கி மணலில் தட்டி நின்றது. அவன் குதித்து, ஈரமணலில் நடந்து அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். இருவரும் சுவருக்குள் மீன்கள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வாட்டி."

"ஏன் கைதூக்குனிய?"

"எல்லாரும்..."

"எல்லாரும் தூக்கட்டும். நீங்க ஏன் தூக்குனிய?"

அவன் மணலைக் கையில் அள்ளினான், விட்டான். வளைவு வந்தால் வீடு நிற்கும் என்று நினைத்தேன், பெர்க்மான்ஸுக்குப் பயந்தேன், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இப்படியெல்லாம் சொல்ல அவன் வரும் வழியில் யோசித்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அதில் எதுவும் வரவில்லை.

"அந்த நேரத்துல நா ஒன்ன நெனைக்கவே இல்லட்டி" என்றான். "பொறந்தவங்கன்னு படிச்சாரு. நா பொறந்தவன்தானன்னு தூக்கிட்டேன். ஒன் நெனப்பே வரல."

பயம் என்றோ ஆசை என்றோ அவன் சொல்லியிருந்தால் அவள் மன்னித்திருக்கக்கூடும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போதுதான் இரண்டு பேரும் கண்ணாடிபோல் தெளிந்து நின்ற தண்ணீருக்கு ஊடாகக் கரையைப் பார்த்தார்கள். கோவில் முன்னால் கூடவேண்டிய கூட்டம் மணலிலேயே கூடியிருந்தது. பெர்க்மான்ஸ் வெள்ளைச் சட்டையில் நடுவில் நின்று எதையோ படிப்பது தெரிந்தது. மீன் அழுகிக்கொண்டிருந்தது, ஊர் அவசரத்தில் இருந்தது. தவமணியும் ஊராரே என்றுதான் அவர் படித்திருக்கவேண்டும். கைகள் உயர ஆரம்பித்தன. முதலில் நாலைந்து, பிறகு கொத்துக்கொத்தாக.

ராயப்பனுக்கு அது என்னவென்று புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

"பொறுங்கல! ஏல, பொறுங்கல! அவ உள்ள இருக்கா!"

கரையில் ஒரு கைகூட இறங்கவில்லை. எமல்டா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். ஆளுயரத் தண்ணீர் நாலு பக்கமும் ஒருமுறை நடுங்கியது, பிறகு விழுந்தது.

கடல் தவமணியின்மேல் வந்து விழுந்தது. உப்பு வாயிலும் மூக்கிலும் புகுந்தது, பூவும் மணலும் வானமும் ஒன்றாகச் சுழன்றன. ராயப்பன் அவள் கொண்டையைப் பிடித்தான். அது அவிழ, முந்தானையைப் பிடித்தான். பாறை அவன் தோளைக் கிழித்தது. படகின் விளிம்பு கைக்கு அகப்பட்டபோது அவளை முதலில் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு தான் ஏறினான். அவள் கவிழ்ந்து கிடந்து தண்ணீரைக் கக்கினாள். கரையில் ஆரவாரம் கேட்டது. வழி திறந்துவிட்டது என்று வெளியே காத்திருந்த படகுகள் எஞ்சினை முடுக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைக் கடந்து உள்ளே போயின. ஒன்றிலிருந்து யாரோ ஒருவன் அவளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தான்.

ராயப்பன் தோளில் ரத்தம் வழிய, குழந்தை மாதிரி அழுதான். "பாத்தியளால, பாத்தியளால" என்று யாரிடமென்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு படகைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"அங்க வேண்டாம்" என்றாள் தவமணி.

"எங்க போக?"

அவள் வடக்கே கையைக் காட்டினாள். அவன் படகை வடக்கே திருப்பினான். படகு பக்கத்து ஊர்க் கரையை நோக்கி ஓடியது. அவள் கையைத் தண்ணீரில் விட்டிருந்தாள். தண்ணீர் விரல்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடியது. சற்று நேரத்தில் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கரையில் முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கினாள். அவனும் இறங்கப்போனான்.

"நீங்க போங்க. தோள்ல மருந்து வைக்கணும், ஒங்க தங்கச்சிகிட்ட காட்டுங்க."

"நானும் வாறேன்."

"அங்க ஒங்களத் தேடுவாவ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவன் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் பாதியும் படகில் பாதியுமாக நின்றான்.

கரையில் சாளை மீன் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி தலைநிமிர்ந்து, தலைமுதல் கால்வரை நனைந்து வருகிறவளைப் பார்த்தாள்.

"ஆத்தா, என்ன இப்படி நனைஞ்சு வாறிய? எந்த ஊரு?"

தவமணி முந்தானையைப் பிழிந்தாள். ஒரு பக்கம் பிழிந்து, மறுபக்கமும் பிழிந்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பஸ்ஸு எங்கன நிக்கும்?" என்று கேட்டாள்.